லயத்துச் சிக்கனமும் தோட்டத்து இலாபமும்

பழைய பொருளை வீசிவிடாது மீண்டும் பயன்படுத்தல் வேண்டும் என்பது இன்று பாடசாலைகளிலே புதியதொரு நற்பழக்கமாகப் போதிக்கப்படுகின்றது. போதனை நல்லதே. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்திலே இப்பாடத்தை நடத்தும் ஆசிரியன் ஒரு கணம் தயங்கவே வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் வீசி எறிவதற்கென்று எதனை வைத்திருந்தார்கள்? அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்குமுன், அச்சிக்கனம் எவ்வாறு பிறந்தது, அதன் பலன் யாரைச் சென்றடைந்தது என்பவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் கடனாகும்.

1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1876இல் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிலே இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் மலைச்சாரல்கள் இறப்பராலும் தேயிலையாலும் மூடப்பட்டன. கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்துவந்த தொழிலாளர் தோட்டத்தில் கால்வைக்குமுன்பே கடனாளிகளாயினர். வழிச்செலவு, அரிசி, போர்த்திக்கொள்ளும் கம்பளி யாவும் அவர்கள் பெயரிற் பற்றெழுதப்பட்டன. அக்கடனைக் குறித்த துண்டுச்சீட்டோடு அவர்கள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றப்பட்டனர். 1921இலேதான் இத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, தோட்டத்துக்கு வந்தவனின் முதல் உடைமையும் முதற் கடனும் ஒன்றாகவே இருந்தன. விலை கொடுத்துத் தீராத கம்பளியை எவன் வீசுவான்? தோளிற் கிடந்தது கிழிந்தபின் படுக்கையாயிற்று. அதுவும் நைந்தபின் குழந்தைக்கு விரிப்பாயிற்று.

10 அடிக்கு 12 அடி அளவான காம்பராவிலே ஒரு குடும்பம் வாழ்ந்தது. அங்கு வந்துசேர்ந்த ஒவ்வொரு பொருளும் பல பிறவி எடுத்தது. அரிசி வந்த சாக்கு, கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பிலே படங்காயிற்று. மழை நாளிற் கொங்காணியாகத் தலைக்கேறியது. ஈற்றிலே வாசலில் மிதியடியாய்க் கிடந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தது; அடி ஓட்டையானதும் வெட்டி நிமிர்த்தப்பட்டு இஸ்தோப்பின் மறைப்பாயிற்று. மாவு வந்த துணிப்பை பிள்ளையின் சட்டையாயிற்று. வெறும் போத்தல் குப்பி விளக்காயிற்று.

தாயின் பழஞ்சேலையின் பயணம் இவற்றிலும் நெடியது. அது முதலில் வீட்டுத் தொட்டிலாகும். பின்பு பிள்ளைக்காம்பராவிலே கட்டப்பட்டு, மலைக்குப் போன தாய் திரும்பும்வரை குழந்தையைத் தாங்கும். அப்பிள்ளை வளர்ந்தால் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு உதவும். கல்யாணமென்றாலும் சாவென்றாலும் பெரிய சட்டிகள் வீடு வீடாகச் சேர்ந்தன. சொந்த பந்தம் கடலுக்கப்பால் இருக்க, இந்தக் கொடுக்கல் வாங்கலே லயத்தை ஓர் ஊராக்கியது. இதிலே உள்ள கைத்திறனும் தோழமையும் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் வறுமையைப் போற்றுதல் வேறு. தோட்டமும் எதையும் வீணாக்கியதில்லை என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். இறப்பர் மரத்தை வெட்டிப் பாலெடுத்தபின் வெட்டுவாயிலும் சிரட்டையிலும் உறைந்து எஞ்சுவது ஒட்டுப்பால். 'ஒட்டபாலு' எனச் சிங்கள வழக்கிலும் இச்சொல் புகுந்துள்ளது. தொழிலாளி அதனை உரித்துச் சேர்க்க, தோட்டம் நிறுத்து வாங்கி, கழுவி உருளையிலிட்டுத் தாழ்ந்த தர இறப்பராக்கி விற்றது. பால் வடிந்த சிரட்டையோ சமையலறையில் எஞ்சிய பொருள்! 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்நாட்டு இறப்பர் அரிசிக்கு மாற்றாகக் கப்பலேறியபோது, அதன் பின்னே இந்தக் கைகளின் உழைப்பும் இருந்தது.

தோட்டம் தன் கழிவைக் கணக்கிலே எழுதியது. லயத்திலே சாக்கைத் தைத்து, தகரத்தை நிமிர்த்து, கந்தலை ஒட்டுப்போட்ட உழைப்பு எந்தப் பேரேட்டிலே எழுதப்பட்டது? நாள் முழுதும் மலையில் நின்றுவிட்டு வந்த பெண்ணே அதையும் செய்தாள். 1927இல் குறைந்தபட்சக் கூலிச்சட்டம் வந்தது. ஆயினும் அவளுடைய நாட்கூலி ஆணின் கூலிக்குச் சமமாக 1984வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு சட்டை வாங்கவேண்டிய இடத்தில் மாவுப்பை போதுமானால், சட்டைக்கான காசைக் கூலியிலே சேர்க்கவேண்டிய தேவை முதலாளிக்கு இல்லை. லயத்துப் பெண்ணின் ஊசியும் நூலும் இவ்வாறு தோட்டத்து இலாபத்துக்கு ஊதியமின்றிப் பணிபுரிந்தன. அச்சிக்கனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது, எந்தப் பழம்பொருளையும் ஒட்டுப்போட்டு ஒரு பிடி சோறாக்க இயலவில்லை. தோட்டங்களிலே சாவுகள் பெருகின.

மறுபயன்பாடு சில வேளைகளில் உயிரையும் கேட்டது. குப்பி விளக்கு எளிதிற் சரியும். சரிந்தால் எண்ணெய் பரவித் தீப்பற்றும். தீக்காயமுற்ற ஏழைகளுக்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமுமான, உருளாத, திருகுமூடியுள்ள 'சுதீப' என்னும் விளக்கை உருவாக்கினார். உடைந்த கண்ணாடியை உருக்கியே அது வார்க்கப்பட்டது. அம்முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பழைய பொருளுக்கு அறிவியலும் மனித அக்கறையும் துணையானால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வளவு பேணிக் காத்த பொருள்கள் இன்று எங்கே? பல, பயன்பட்டுப் பயன்பட்டே இல்லாமற்போயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்கள் சுமக்கவியலாத அம்மியையும் உரலையும் விட்டுச்சென்றனர். 1977இலும் 1981இலும் சப்பிரகமுவத் தோட்டங்களிலே வன்முறை பாய்ந்தபோது லயங்கள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. உடுத்த துணியோடு ஓடியவர் பலர். துரைமாரின் கணக்கேடுகள் வரலாற்றுக்கு எஞ்சின. லயத்தின் தட்டுமுட்டுக்கள் எஞ்சவில்லை. தொழிலாளர் வரலாறு முதலாளியின் ஏட்டிலிருந்தே எழுதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! மறுபயன்பாட்டுப் பாடத்தை நாம் கைவிட வேண்டியதில்லை, முழுமையாக நடத்துவோம். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளின் வரலாற்றைப் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். அது எதற்காக வந்தது, எத்தனை முறை உருமாறியது, யார் கை அதனை மாற்றியது, புதியதொன்றை வாங்க அன்றைய கூலி ஏன் போதவில்லை என்னும் நான்கு வினாக்களே போதும். முதல் மூன்று வினாக்களும் முன்னோரின் திறமையைக் காட்டும். நான்காவது, அவர்களுக்குச் சேரவேண்டியிருந்த கடனை நினைவூட்டும். நியாயமான கூலியும், நல்ல வீடும், குழாய்த்தண்ணீரும் கிடைத்தபின்னும் ஒரு மனிதன் பழைய சாக்கை வீசாது பேணுவானாயின், அன்றே அது அவன் விரும்பி ஏற்ற பண்பாகும்.