எதிர்முழக்கமும் யாழ்ப்பாணத்து மேள இசையும்

மலையில்லாத நாடு யாழ்ப்பாணக் குடாநாடு. சுண்ணாம்புக்கற் பாறையின்மேற் பரந்த செம்மண்ணும், மணற்றரையும், பனந்தோப்பும், அவற்றைச் சூழ்ந்த கடனீரேரியுமே அதன் உருவம். அங்கே திறந்த வெளியில் நின்று கூவுவோன் குரல் கூவிய திசையிலே போய் ஒழியும், திரும்பி வருவதில்லை. எதிரொலி தனித்துக் கேட்க வேண்டுமாயின் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்திலாவது ஒரு சுவரோ பாறையோ நிற்றல் வேண்டும். அத்தகைய பாறையைக் குடாநாட்டின் இயற்கை அளிக்கவில்லை.

இந்நாட்டின் தலைசிறந்த இசை வெளிவீதியில் வளர்ந்ததும் இதற்குப் பொருந்துவதே. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் வாழ்ந்த பெரியமேளக் கலைஞர் சுவாமி வீதிவலம் வரும்போது மணலில் நடந்தும் நின்றும் வாசித்தனர். நாதஸ்வரத்தின் உரத்த தொனி திறந்த வெளிக்கென்றே அமைந்தது போலும். தவிலின் ஒவ்வொரு சொல்லும் பிறந்தவுடனே மறைந்து, அடுத்த சொல்லுக்கு இடங்கொடுத்தது. இணுவிலிற் பிறந்து தமிழகத்தையும் வியக்கவைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) காட்டிய விரைவும் தெளிவும் இத்தகைய வெளியிலேதான் முழுமையாக விளங்கக்கூடியன.

கல்லாலான பெருங்கூடங்களின் ஒலியோ வேறு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்குள்ளே சிலுவை வடிவில் ஒரு தேவாலயத்தை எழுப்பி 1706இல் நிறைவேற்றினர். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உடைய அத்தகைய கட்டடத்தில் ஒரு சுரம் ஒலித்தால் அது சுவருக்குச் சுவர் மோதி, சிறிது சிறிதாகத் தேய்ந்தே அடங்கும். இதுவே எதிர்முழக்கம். எதிரொலி தனித்துத் திரும்பும் ஓரொலி. எதிர்முழக்கமோ எண்ணிறந்த திரும்பொலிகள் ஒன்றோடொன்று கலந்த தொடர். நெடிய சுரங்களில் மெல்லப் பாடப்படும் தேவசங்கீதங்களுக்கு அது துணை. விரைந்த தாளத்துக்கோ பகை.

இதனை முதன்முதல் ஒழுங்காக அளந்தவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து வாலஸ் சபீன். 1895இல், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைத் திருத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒரு சொல்லின் ஒலி ஐந்து நொடிக்கு மேலும் நின்றது. இரவின் அமைதியில் ஓர் ஓகன் குழலை ஒலித்து நிறுத்தி, பக்கத்து அரங்கிலிருந்து சுமந்து வந்த ஆசன மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும், ஒலி அடங்கும் காலத்தை அவர் கணித்தார். 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் இசைமண்டபம் அக்கணிதத்தின் பயனாகும்.

பின்னர் வானொலி வந்தது. கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலி எனப் பெயர்பெற்றது. கலையகத்துச் சுவர்கள் ஒலியை உறிஞ்சும்படி அமைவன. பேச்சுக்கு அது நன்று. பாட்டோ வறண்டு கேட்கும். ஒலிவாங்கியைக் கலைஞருக்கு அருகில் வைப்பதா, விலக்கி வைப்பதா என்பதே அக்காலத்துப் பொறியாளரின் பெருங்கலை. விலக்க விலக்க அறையின் முழக்கம் கூடும்.

அந்த முழக்கத்தைச் செயற்கையாகவே உண்டாக்கலாம் என்பது அடுத்து வந்த எண்ணம். 1947இல் சிக்காகோவிலே பில் புட்னம் என்பவர் குளியலறை ஒன்றையே முழக்க அறையாக்கி ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பளிங்கோடு பதித்த குளியலறையிற் பாடிப் பார்த்தவர் எவரும் அதன் காரணத்தை உடனே அறிவர். 1957இல் ஜேர்மனியர், தொங்கவிட்ட மெல்லிய உருக்குத் தகட்டின் அதிர்வால் முழக்கம் தரும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று கணினி அதே வேலையைச் செய்கின்றது.

கருவி எளிதாகவே, வழக்கும் பிறந்தது. பல ஒலிவாங்கிகளின் ஒலிகள் கலவைப் பலகையிலே ஈற்றில் ஒரே கூட்டுவழியில் வந்து சேர்கின்றன. முழக்கத்தை அக்கூட்டுவழியில் எல்லாவற்றின் மேலும் ஒருங்கே பூசுவதா, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு தனித்தனியே கொடுப்பதா? ஒரே மண்டபத்தில் வாசிப்போர் அனைவர்க்கும் முழக்கம் ஒன்றே அன்றோ என்பார் முன்னதன் பக்கத்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. வெவ்வேறு வேளையிற் பதிவான ஒலிகளும் அப்போது ஓரிடத்தில் ஒலிப்பனபோல இசையும்.

ஆயினும் பெரியமேளத்தை வைத்து இதனைச் சோதித்தல் நலம். நொடிக்குப் பத்துச் சொல் விழுமாறு தவில் வாசிக்கப்படுகிறதெனக் கொள்வோம். சொல்லுக்குச் சொல் இடைவெளி நொடியிற் பத்திலொன்று. இரண்டு நொடி நீளும் முழக்கத்தில் அவ்விடைவெளிக்குள் எதிர்முழக்கத்தின் வலு பாதியளவே குறையும். முந்திய சொல் அடங்குமுன் பிந்திய சொல் அதன்மேல் விழ, லயம் சேறாகிவிடும். அவ்வேளையிலும் நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை அழகு பெறும். சுருதிக்கோ யாதொரு கேடும் இல்லை. ஒன்றுக்கு அணியாவது மற்றொன்றுக்கு அழிவாகின்றது. தவிலின் தொப்பியில் எழும் கனத்த ஒலியே மிகுதியாக மங்கும். வலந்தலையின் கூரிய ஒலி ஓரளவு தப்பும். ஆதலின் கூட்டுவழியில் முழக்கம் வைப்போர் அதனை ஒரு நொடிக்குட்பட்டதாய், மிக மெல்லியதாய், கீழொலிகளை நீக்கியதாய் வைத்தலே தகும். எஞ்சியதை நாதஸ்வரத்துக்கு மட்டும் தனியே அளிக்கலாம்.

திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிகளில் அறிவிப்பு முதற் பாட்டு வரை அனைத்தையும் எக்கோவில் தோய்த்தெடுக்கும் வழக்கத்தைக் கேட்டவர்க்கு இதன் அருமை புரியும். மணல்வீதியிற் பிறந்த இசைக்கு, அதனிடம் இல்லாத குகையொன்றை இரவல் தருவது அது.

கோட்டைத் தேவாலயம் 1990ஆம் ஆண்டுப் போரில் இடிந்தது. ஒரு கட்டடத்தின் முழக்கத்தை அப்படியே கவர்ந்து வைக்கும் முறை இன்று உண்டு: வெறுமையான கூடத்தில் ஒரு வெடியோசையை எழுப்பி, அது அடங்கும்வரை பதிவு செய்தாற் போதும், பின்னர் எவ்விசையையும் கணினி அக்கூடத்தில் ஒலிப்பதுபோற் காட்டும். இடிந்த கூடத்துக்கு அது இயலாது. பழைய வரைபடங்களைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடியும். நல்லூரின் மண்டபங்களோ, குடாநாட்டின் ஏனைய கோயில்களோ அத்தகைய நிலையில் இல்லை. அர்த்தசாமப் பூசை முடிந்து கதவு சாத்துமுன் கிடைக்கும் சில நிமிட அமைதியே அப்பதிவுக்குப் போதுமானது.