குடியை விட விரதம் மட்டும் போதுமா? சமய நம்பிக்கை துணை நிற்கும் இடங்கள்

தைப்பூசத்திற்கு 48 நாள் இருக்கும்போது விரதம் தொடங்குபவர்களில் பலர், அன்றோடு குடியையும் நிறுத்திவிடுகிறார்கள். பல ஆண்டு குடித்தவர்கூட அந்த ஒரு மண்டலம் முழுவதும் பீரையோ சம்சுவையோ தொடுவதில்லை. ஆனால் காவடி செலுத்தி, இடும்பன் பூசையும் முடிந்த சில நாளில் அவர்களில் சிலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். "48 நாள் முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை?" என்பது பல வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி.

விரதம் எதைச் சாதிக்கிறது, எதைச் சாதிப்பதில்லை என்று பிரித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

விரதம் எப்படி உதவுகிறது?

விரதம் இருப்பவரின் நாள் முழுவதுமே மாறுகிறது. விடியற்காலைக் குளியல், சைவ உணவு, தரையில் படுக்கை, சாயங்காலம் கோயில் பூசை. வேலை முடிந்து நண்பர்களோடு குடிக்க உட்காரும் அதே நேரத்தில் அவர் கோயிலில் இருக்கிறார். கழுத்தில் மாலை இருப்பதால் யாரும் வற்புறுத்துவதில்லை. "விரதம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் மனைவியும் தாயும் தனிப் பாத்திரத்தில் சமைத்து, அவரோடு சேர்ந்து விரதம் காக்கிறார்கள்.

ஆக, சாமி மீதுள்ள பயமும் பக்தியும் மட்டும் அவரைக் காப்பதில்லை. நேரம், இடம், கூட்டாளிகள், வீட்டாரின் துணை ஆகிய நான்கும் ஒன்றாக மாறுகின்றன. விரதம் முடியும் நாளில் இந்த நான்கும் ஒன்றாகவே விலகுகின்றன. 49ஆம் நாள் சாயங்காலம் அவருக்குப் போக இடமில்லை; பழைய கூட்டாளிகள் மட்டும் இருக்கிறார்கள்.

முதல் 3 நாள்: கோயிலுக்கு முன் கிளினிக்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். 2 அல்லது 3ஆம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, கடும் படபடப்பு ஆகியவை வந்தால் அது 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற நிலை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

விரதம் தொடங்கிய சமயத்தில் இப்படி நடந்தால், சாமி வந்துவிட்டது என்றோ காத்து கருப்பு அடித்துவிட்டது என்றோ நினைத்து, திருநீறு பூசிப் படுக்கவைப்பவர்கள் உண்டு. திருநீறு பூசுவதில் தவறில்லை. ஆனால் உடனே 999-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தும், தயாமின் எனப்படும் பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்.

காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், விரதம் தொடங்கும் முன்பே அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பது நல்லது. அங்கிருந்து தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

குடியை மறக்கடிப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க வேண்டாம். சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, இதயம் பாதிக்கப்படும்.

கூட்டாக நின்ற தோட்டங்கள்

குடியைத் தனியாக எதிர்ப்பது கடினம் என்பதை நம் தோட்டத்து முன்னோர் அறிந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். ஒருவரின் குடி அன்று ஒட்டுமொத்தத் தோட்டத்தின் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது.

கடவுளும் கூட்டமும் சேர்ந்த வழி

உலகம் முழுவதும் பரவியுள்ள 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) என்ற அமைப்பு, 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இருவரால் தொடங்கப்பட்டது. இருவருமே குடிக்கு அடிமையாகி மீண்டவர்கள். ஒரு கிறிஸ்துவ இயக்கத்தின் வழியில் பிறந்தாலும், இதன் 12 படிகள் கடவுளை அவரவர் புரிந்துகொண்ட விதத்திலேயே ஏற்கச் சொல்கின்றன. அதனால் முருக பக்தரும் கிறிஸ்துவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் ஒரே அறையில் உட்காரலாம். கட்டணம் இல்லை. மலேசியாவிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

2020இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. குடிக்காமல் தொடர்ந்து இருப்பதற்கு, ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போக வழிகாட்டும் முறையான சிகிச்சை, மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று அது கண்டது. விரதத்திற்கு முடிவு நாள் உண்டு. இந்தக் கூட்டத்திற்கு அப்படி ஒரு நாள் இல்லை. "இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்" என்பதே அங்கு எடுக்கும் உறுதி.

49ஆம் நாளுக்கு என்ன செய்யலாம்?

* விரதம் முடிந்தாலும் வாரத்தில் 2 அல்லது 3 சாயங்காலம் கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ போவதை விடாதீர்கள். தேவாரம், பஜனை, அன்னதானம் என ஏதாவது ஒரு தொண்டில் பெயர் கொடுங்கள்.
* சம்பள நாள், கல்யாணம், துக்க வீடு ஆகியவை சறுக்கும் இடங்கள். அங்கே குடிக்காத ஒருவரோடு போய், அவரோடு திரும்புங்கள்.
* ஒரு நாள் தவறிவிட்டால், "சாமி குத்தம் ஆகிவிட்டது, இனி என்ன?" என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் குற்ற உணர்வே அடுத்த பாட்டிலைத் திறக்கவைக்கும். மறுநாளே மீண்டும் தொடங்கலாம்.
* முனீஸ்வரர், மதுரை வீரன் படையலில் மது வைத்து, பிறகு பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உள்ள கோயில்களில், குடியை விட்டவர்களின் கையில் அதைக் கொடுக்காமல் இருக்க நிர்வாகத்தினர் பார்த்துக்கொள்ளலாம். இளநீர் படைத்தாலும் படையல்தான்.

வீட்டாருக்கு

"நான் சரியாக வேண்டவில்லை, அதனால்தான் அவர் குடிக்கிறார்" என்று தன்னையே நொந்துகொள்ளும் மனைவிமார் உண்டு. குடிப்பழக்கம் ஒரு நோய். அது உங்கள் பிரார்த்தனையின் குறையல்ல. வீட்டில் அடி உதை இருந்தால் பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது. 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். மனம் தளர்ந்தால் பேச 15555 என்ற ஹீல் எண் உள்ளது.

அடுத்த விரதத்திற்கு நாள் குறிக்கும்போதே, அது முடிந்த மறுநாள் சாயங்காலம் எங்கே, யாரோடு இருப்பது என்பதையும் வீட்டாரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.