ஒரு நாளும் இரு தேதிகளும்: 1746ஆம் ஆண்டுச் சென்னைச் சரணடைவை முன்வைத்து

1746ஆம் ஆண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை, லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தது. அந்நாள் எது என வினவின், ஆங்கிலேயர் கணக்கு செப்டம்பர் 10 என்றும், பிரெஞ்சுக்காரர் கணக்கு செப்டம்பர் 21 என்றும் விடை கூறும். இரண்டும் பிழையற்றவையே. பிரான்சு 1582 திசம்பரிலேயே கிரிகோரியன் நாட்காட்டியை ஏற்றது; இங்கிலாந்தோ 1752 வரை ஜூலியன் நாட்காட்டியைக் கைவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இவற்றிடையே 11 நாள் வேறுபாடு இருந்தது. ஒரே கடற்கரையில் அமைந்த சென்னையும் புதுச்சேரியும் ஒரே நாளுக்கு இரு தேதிகள் எழுதி வந்தன.

ஆண்டெண்ணிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலேயரின் சட்டமுறை ஆண்டு அக்காலத்தில் மார்ச்சு 25இல் தொடங்கிற்று. ஆகவே சனவரி, பிப்ரவரி மாத ஆவணங்களில் 1745 என இருப்பது நம் கணக்கில் 1746 ஆகலாம். ஐயம் நேராதிருக்க 1745/46 என இரட்டை ஆண்டு எழுதுவோரும் இருந்தனர். இதனை அறியாது ஆவணங்களை வரிசைப்படுத்துவோர், விடையை வினாவிற்கு முன்னரே வைத்துவிடுவர்.

இவ்வகையில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முறை பெரிதும் பாராட்டத்தக்கது. தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, ஐரோப்பியத் தேதி, கிழமை என அனைத்தையும் அவர் சேர்த்தெழுதினார். அட்சய ஆண்டு என்று மட்டும் எழுதியிருப்பின் அது 60 ஆண்டுக்கொரு முறை மீண்டும் வரும். 1746ஐயும் குறிக்கும், 1806ஐயும் குறிக்கும்.

இவற்றுள் கிழமையே சிறந்த சான்று. நாட்காட்டி மாறினும் அது மாறுவதில்லை. மேற்கூறிய இரு தேதிகளும் புதன்கிழமையே. செப்டம்பர் 21ஐ ஜூலியன் கணக்கினதாகக் கொண்டால் ஞாயிறு வரும். பிழை உடனே புலப்படும். கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு காணப்படும் கிழமையையும் நட்சத்திரத்தையும் கொண்டே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் காலம் கணித்தனர்.

இன்று இவ்வாவணங்களின் பட்டியல்கள் இணையத்தில் பல நாட்டாராலும் பயிலப்படுகின்றன. அங்கு 10/9/1746 என இடின், நாம் செப்டம்பர் 10 எனக் கொள்வோம். அமெரிக்கர் அக்டோபர் 9 எனக் கொள்வர். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரம் ஆண்டு, மாதம், நாள் என வரிசையை உறுதிசெய்து இக்குழப்பத்தை நீக்கியது. ஆயின் அது கிரிகோரியன் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலேயர் தேதியை அப்படியே 1746-09-10 எனப் பெயர்த்தெழுதினால் வடிவம் சரியாகும், நாள் தவறாகும். எனவே மூலத்திலுள்ள தேதியை மாற்றாது காட்டி, அதனருகே '1746 செப்டம்பர் 21, புதன், கிரிகோரியன்' என மாதப் பெயரையும் கணக்கின் பெயரையும் எழுத்தால் குறிப்பதே தக்கது.