அடிக்கடி தலைவலியா? டாக்டரிடம் மனசைப் பற்றியும் பேசுங்க

2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலில் பலருக்குப் பிழைப்பு பெங்களூருவில்தான். விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். அரைகுறைத் தூக்கம், தவறிப்போகும் காலைச் சாப்பாடு ரெண்டுமே தலைவலியைக் கிளப்பக்கூடியவை. பையில் எப்போதும் மாத்திரை அட்டை வைத்திருப்பவரா நீங்க? அப்போ இதைப் படிங்க.

எத்தனை பேருக்கு இருக்கு?

பெங்களூருவிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 18 முதல் 65 வயதுள்ள 2,329 பேரிடம் நிம்ஹான்ஸ் குழு நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. ஓராண்டில் தலைவலி வந்தவர்கள் 63.9%. மைக்ரேன் 25.2%. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ளவர்கள் 3%. இப்படி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தலைவலி.

மனசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்று மற்றொன்றை வளர்க்கும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மைக்ரேன் வரும் வாய்ப்பும் அதிகம். 'நாளைக்கும் வலிக்குமோ' என்ற பதற்றம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுபடி வலி. 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வலி நிஜம்.

மாத்திரை போட்டால் போதாதா?

தலைவலிக்காரர்கள் பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ, டிரிப்டான் அல்லது கலவை மாத்திரையை மாதம் 10 நாளோ, 3 மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையாலேயே தலைவலி கூடலாம்.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

வலி வந்த நாள், போட்ட மாத்திரை, தூங்கிய நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்க. ரெண்டு வாரமாக எதிலும் ஆர்வம் இல்லை, பதற்றம் அடங்கவில்லை என்றால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க. அதைப் பொறுத்து மருந்தே மாறலாம். மைக்ரேனைத் தடுக்கத் தரும் ஃப்ளூனாரிசின் சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டும். தலைவலிக்குக் குறைந்த அளவில் தரும் அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்கு அந்த அளவில் போதாது. மாத்திரையோடு மனநல ஆலோசனையும் தேவைப்படலாம்.

எப்போது அவசரம்?

திடீரென வெடிப்பதுபோல் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்க. அரசின் டெலி மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.