புலிகேசிக்கு எத்தனை முகம்?

சிவகாமியின் சபதம் படித்தவர்கள் இரண்டு பேர் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் சண்டை நிச்சயம். எங்கள் வீட்டில் நான் பார்த்து வளர்ந்தது அப்படித்தான். அம்மா சிவகாமி கட்சி. "அத்தனை வருஷம் காத்துக் கிடந்தவளை விட்டுட்டுப் பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிண்டானே, அவன் ஒரு ஆம்பிளையா?" என்பாள். அப்பா உடனே பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மாறுவேஷம் போட்டுண்டு வாதாபிக்கே போய்க் கூப்பிட்டானே, அப்பவே கிளம்பி வந்திருந்தா ஒரு ஊர் எரிஞ்சிருக்காது" என்பார். பாட்டிக்கு இந்தக் காதல் கத்தரிக்காய் எதுவும் வேண்டாம். பரஞ்சோதி சிறுத்தொண்டர் ஆனாரே, அது போதும்.

எனக்கு அந்த நாளிலேயே பிடித்த ஆள் நாகநந்திதான். பத்தாம் வகுப்பு லீவில் நாலு பாகத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாம் பாகத்துக்குப் பெயரே 'பிக்ஷுவின் காதல்'. வில்லனின் காதலுக்கு ஒரு பாகத்தையே எழுதிக் கொடுத்த தமிழ் நாவல் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்!

படிக்காதவர்களுக்காக ஒரு வரி. கல்கி 1944 முதல் 1946 வரை தன் பத்திரிகையில் தொடராக எழுதிய கதை. காஞ்சியில் மகேந்திர பல்லவர், அவர் மகன் நரசிம்மவர்மன் என்கிற மாமல்லன். வாதாபியில் சளுக்கிய மன்னன் புலிகேசி. இந்தப் புலிகேசிக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒரு சகோதரன் உண்டு, அவன்தான் புத்த பிக்ஷு வேடத்தில் திரியும் ஒற்றன் நாகநந்தி. யார் எவர் என்று தெரியாமல் சிவகாமியும் குழம்புவாள், நாமும் குழம்புவோம். காவியுடையில் இருந்தால் அண்ணனா தம்பியா, கிரீடம் வைத்தால் நிஜ ராஜாவா என்று பக்கத்துக்குப் பக்கம் திக் திக். ஆள்மாறாட்டக் கதைகளில் இதற்கு முன்னால் நிற்கிற இன்னொன்றை நான் தமிழில் படித்ததில்லை.

இத்தனை பீடிகை எதற்கு என்றால், எனக்குப் புனேயில் கிடைத்த ஒரு வாசகர். அலுவலகத்தில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருகிறவர், பாகல்கோட்டை ஜில்லாக்காரர். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எப்படியோ சரித்திர நாவல் பக்கம் போயிற்று. நான் வழக்கம்போலப் பெருமை தாங்காமல், "எங்க ராஜா ஒருத்தர் இந்தப் பக்கம் வந்து வாதாபின்னு ஒரு ஊரையே கொளுத்திட்டுப் போனார் தெரியுமோ?" என்று எடுத்து விட்டேன். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம். அவர் ஜோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "தெரியும் சார். வாதாபின்னா பாதாமி. எங்க வீடு அங்கேதான் இருக்கு."

மேசையில் இருந்த மற்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிராயச்சித்தமாக ஆங்கில மொழிபெயர்ப்பை வரவழைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தது. கதை பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. சிவகாமி வாதாபித் தெரு முனைகளில் ஆடுகிற இடத்தில் கண் கலங்கியதாகவும் சொன்னார். (தமிழ்க் கைதிகள் சவுக்கடி படாமல் இருப்பதற்காக ஆடுவாள். எங்கள் அம்மாவும் அங்கேதான் அழுவாள்.) ஆனால் ஒரு இடத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. புலிகேசியின் ஆணையால் சிற்பிகளின் கை கால்களை வெட்டப் புறப்படுகிற இடம். "எங்க ராஜா சண்டை போட்டார்னு எழுதுங்க, ஊரை எரிச்சார்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். சிற்பியோட கையையா? ஒரு தடவை எங்க ஊரைப் பார்த்துட்டு வந்து பேசுங்க."

சரி என்று ஒரு நீண்ட வார விடுமுறையில் கிளம்பினோம்.

பாதாமியில் இறங்கினால் முதலில் தெரிவது அந்தச் செம்மண் நிறப் பாறைதான். இரண்டு குன்று, நடுவே அகஸ்திய தீர்த்தம் என்கிற ஏரி. தெற்குக் குன்றில் நாலு குடைவரைகள். மூன்றாவதுதான் பெரியது. அதில் மங்களேசன் வெட்டி வைத்த கல்வெட்டு இருக்கிறது, சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578. அப்போது ஆண்டவன் கீர்த்திவர்மன், புலிகேசியின் அப்பா. மங்களேசன் சித்தப்பா. பாம்பின் மேல் உட்கார்ந்த விஷ்ணுவும், கால் தூக்கிய திரிவிக்கிரமனும், தூண் முகப்பில் ஒன்றையொன்று அணைத்து நிற்கிற ஜோடிகளும்... நான் பேசாமல் நின்றேன். மகேந்திரவர்மர் மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பெருமையாகக் கல்லில் எழுதி வைத்தது இதற்கு அப்புறம்தான், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கலை என்றாலே காஞ்சிதான், வாதாபி என்றால் வாளும் குதிரையும்தான் என்று பதினைந்து வயதில் மனசில் ஏறிய படம் அந்தக் குகை வாசலில் விழுந்தது. சிற்பிகளைத் தலைமுறையாகச் சோறு போட்டு வளர்த்த வீட்டுப் பிள்ளை புலிகேசி.

கல்கிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும் என்பதுதான் என் கட்சி. அவருக்கு ஒரு சிக்கல். எதிரி ராஜா முரடனாக இருந்தால்தான் கதை நகரும். ஆனால் அந்த ராஜா ஆண்ட நாட்டில் அஜந்தா இருக்கிறது, பாதாமி இருக்கிறது. ஒரே ஆளுக்குள் இரண்டையும் வைத்தால் வாசகன் யாரை வெறுப்பான்? ஆகவே ஒரு முகத்தை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுவிட்டார். சித்திரமும் சிற்பமும் தெரிந்த ரசிகன் பிக்ஷுவாகப் போய்விட்டான், படை நடத்துகிறவன் அரண்மனையில் இருந்துவிட்டான். இதை என் பாகல்கோட்டை நண்பர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "எங்க ஆளை நடுவில் கோடாலி வெச்சுப் பிளந்துட்டார் உங்க எழுத்தாளர்."

கல்வெட்டுகளில் இரட்டையர் யாரும் இல்லை. தம்பி உண்டு, குப்ஜ விஷ்ணுவர்த்தனன். வேங்கிக்கு அனுப்பப்பட்டு அங்கே கீழைச் சளுக்கிய வம்சத்தையே தொடங்கியவன். நாகநந்தி முழுக்க முழுக்கக் கல்கியின் பிள்ளை. அதிலும் ஒரு வேடிக்கை: இந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவனுடைய முடிவு எழுதப்பட்டுவிட்டது. முதலில் வந்த பார்த்திபன் கனவில் ஒற்றைக் கையோடு ஒரு கபால பைரவர் வருவார் அல்லவா, கடைசியில் புலிகேசியின் சகோதரன் என்று முகத்திரை கிழியுமே, அவர்தான் இவர். அந்த இன்னொரு கை எங்கே போயிற்று என்பதற்கு விடை பரஞ்சோதியின் வாளில், சிவகாமியின் சபதத்தின் முடிவில் இருக்கிறது. முடிவை முன்னால் எழுதிவிட்டு ஆரம்பத்தைப் பின்னால் எழுதிய மனுஷன்!

புலிகேசி நிஜத்தில் யார் என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மறுநாள் ஐஹொளெ போனோம். மேகுடி என்று மேட்டின் மேல் ஒரு சமணக் கோயில், அதன் சுவரில் ரவிகீர்த்தி என்கிற புலவர் எழுதிய சமஸ்கிருதக் கல்வெட்டு, கி.பி. 634-35. வடக்கே ஹர்ஷரைப் புலிகேசி தோற்கடித்ததை, ஹர்ஷருக்கு ஹர்ஷமே போயிற்று என்று சொல்லி விளையாடுகிறார். தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாக வைத்துக்கொள்கிறார். (தன்னடக்கம் அந்தக் காலத்திலும் அரிதுதான்.) நம்ம மகேந்திரர் இதில் புலிகேசியின் படைத் தூசியில் மங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டவர்.

காசாக்குடிச் செப்பேட்டைக் கேட்டால் வேறு கதை. மகேந்திரர் புள்ளலூரில் முக்கியமான எதிரிகளை வென்றார், அவ்வளவுதான். எதிரி பெயர் இல்லை. கூரம் செப்பேடோ இன்னும் ஒரு படி மேலே. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று இடத்தில் நரசிம்மவர்மன் அடித்த அடியில் புலிகேசி முதுகு காட்டி ஓட, அந்த முதுகையே பட்டயமாக வைத்து வெற்றி என்று எழுதினானாம். தாம்பரத்துக்கு அந்தண்டை இருக்கிற மணிமங்கலத்தைப் பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்பேன்! சாட்சி சொல்ல மூன்றாவது ஆளும் உண்டு. யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டின் நாற்பதுகளை ஒட்டி இரண்டு பக்கமும் வந்து போனார். அவர் பார்த்த மராட்டிய தேசத்து ஜனங்கள் மானஸ்தர்கள், உதவி செய்தவனை மறக்காதவர்கள், அவமானப்படுத்தியவனை விடாதவர்கள். ஹர்ஷரே வந்தும் பணியாத ராஜா என்று புலிகேசியைச் சொல்கிறார். இதைப் புனே நண்பர்களிடம் சொன்னால் காலர் தூக்குகிறார்கள். பாகல்கோட்டைக்காரர் "அவர் எங்க ஆள்" என்கிறார். ஒரு முகத்துக்கு இரண்டு ஊர் உரிமை கொண்டாடுகிறது, நடுவில் தமிழன் நான் தயிர் சாதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆள்மாறாட்டம் என்றால் கதையில்தான் நடக்கும் என்றில்லை. அஜந்தா முதல் குகையில், கூரான குல்லா வைத்த வெளிநாட்டார் ஒரு ராஜாவின் சபையில் நிற்கிற சித்திரம் உண்டு. 1879-இல் பெர்கூசன், இது பாரசீக மன்னர் குஸ்ரூவின் தூதர்களைப் புலிகேசி வரவேற்கிற காட்சி என்று எழுதினார். அது அப்படியே ஊன்றிவிட்டது, பாடப் புத்தகம் வரைக்கும். பிறகு வால்டர் ஸ்பிங்க் போன்றவர்கள் அந்தக் குகையே வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தது, ஐந்தாம் நூற்றாண்டு என்று காட்டினார்கள். புலிகேசி பிறக்கவே இல்லை அப்போது! சித்திரத்தில் இருக்கிறவர் புத்த ஜாதகக் கதை ராஜா என்று இப்போது சொல்கிறார்கள். ஆக, புலிகேசியின் முகம் என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது வேறொருவர் முகம். நாகநந்தி கேட்டால் சிரிப்பான்.

நம்ம பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வாதாபி கணபதி. பரஞ்சோதி போர்ப் பரிசாகக் கொண்டு வந்த பிள்ளையார் என்று எல்லாரும் சொல்கிறோம். பெரிய புராணத்தில் சேக்கிழார், சிறுத்தொண்டர் வாதாபியை வென்று மணிகளும் யானைகளும் குதிரைகளும் கொண்டு வந்ததைச் சொல்கிறார், பிள்ளையாரைச் சொல்லவில்லை. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய அந்தக் கீர்த்தனை போருக்கு 1100 வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது. அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "உனக்கு அங்க வேற வேலையே இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பாதாமியில் கடைசியாகப் பார்த்தது, தெக்கின ஈரப்பா கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் நரசிம்மவர்மன் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது, பல்லவ கிரந்த எழுத்து. ஏறக்குறைய 642-இல் ஊரைப் பிடித்த கையோடு பதிந்தது. நிறைய உதிர்ந்துவிட்டது. எதிரி வந்து தன் ஊர்ப் பாறையில் பேர் எழுதிவிட்டுப் போனதை என் நண்பர் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறார். அந்தப் பாறை அருகே அவர் பையன்களோடு ஐஸ்பாய் விளையாடுவாராம். நான் முந்திரிக்கொட்டை மாதிரி "மன்னிச்சுக்கோங்க" என்றேன். "எதுக்கு? நாங்களும் வந்தோமே" என்றார்.

வந்தார்கள்தான். 655-க்குள் முதலாம் விக்கிரமாதித்தன் பாதாமியை மீட்டான், பிறகு காவிரிக் கரை வரைக்கும் வந்து பாசறை போட்டான். அவன் கொள்ளுப் பேரன் இரண்டாம் விக்கிரமாதித்தன், எட்டாம் நூற்றாண்டின் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஆண்டவன், காஞ்சிக்குள்ளேயே நுழைந்தான். பழி வாங்க நூறு வருஷக் காரணம் இருந்தது. கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் அங்கே ஒரு தூணில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். அவன் ராணி லோகமகாதேவி, அந்த வெற்றிக்காகப் பட்டதகல்லில் விரூபாட்சர் கோயில் கட்டினாள். காஞ்சிக் கோயிலைப் பார்த்த கண் அதில் தெரிகிறது, அங்கே நிற்கும்போது எனக்கு ஊரில் நிற்கிற மாதிரியே இருந்தது. இந்த விக்கிரமாதித்தனை வைத்து ஏன் யாரும் தமிழில் நாலு பாகம் எழுதவில்லை என்று நண்பர் கேட்டார். சபதம் எதுவும் நிறைவேறாத கதையை யார் வாரா வாரம் படிப்பார்கள் என்று சமாளித்தேன்.

வண்டி ஹுப்ளி தாண்டியதும் நண்பர் புத்தகத்தைத் திரும்பக் கேட்டார். இரண்டாம் தடவை படிக்கிறாராம், இந்த முறை நாகநந்தியை மட்டும். பொங்கல் லீவில் அவரைக் காஞ்சிபுரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கைலாசநாதர் கோயில் தூணில் இருக்கிற கன்னடத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பழைய கன்னடம், பள்ளிக்கூடத்தில் படித்தது போதுமோ என்னவோ என்று இப்போதே கவலைப்படுகிறார். கோயில் இட்லி நிச்சயம் உண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.