காதைத் தொட்ட கையும் சிவப்புச் சட்டையும்

பிறந்த தேதி என்பது நம் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் பள்ளிக்கூடம் வழங்கிய ஒன்றாகவே இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். எட்டவில்லையென்றால் அடுத்த ஆண்டு வரவேண்டும். பழனிசெட்டிபட்டியிலும் அதற்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும் ஐம்பதைக் கடந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு அகப்படுவார்கள். பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தலைமையாசிரியர்கள் எழுதிய பிறந்தநாள்கள் அவை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் தில்லியிலிருந்து திண்ணைக்கு வந்து சேர ஒரு தலைமுறையாவது பிடித்தது.

இந்தக் கணக்கு கூர்மையாகத் தைக்கும் இடம் விளையாட்டு மைதானம். அங்கே ஓர் ஆண்டு என்பது உண்மையிலேயே ஓர் ஆண்டு.

அமெரிக்கர்கள் இதை வேறு வழியில் அணுகினர். அவர்களுடைய கல்லூரிக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு மோதும் ஆட்டம். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் நேர்ந்த மரணங்களால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்து, அடுத்த ஆண்டு பல்கலைக்கழகங்கள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கின. முதலாண்டு மாணவன் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது பின்னர் நெடுங்காலம் அங்கே பொது வழக்காக இருந்தது. போர்க்காலங்களில் அது தளர்ந்தது. 1972இல் கால்பந்திலும் கூடைப்பந்திலும் அடியோடு நீங்கியது. படிக்க வந்த பையன் முதலில் படிக்கட்டும் என்ற அந்தப் பழைய எண்ணத்தில் ஒரு நயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கிடையே பிறந்ததுதான் ‘சிவப்புச் சட்டை’. 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், இந்த ஆண்டு அணியோடு பயிற்சி மட்டும் செய்கிறேன், போட்டிகளில் இறங்கவில்லை என்று கேட்டுக்கொண்டாராம். எண் பொறிக்காத சிவப்புச் சட்டையுடன் அவர் பயிற்சிக்கு வந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது என்பர். காத்திருந்தது வீண்போகவில்லை, 1940இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்வானார். பின்னாளில் இதுவே விதியாகியது: நான்கு பருவங்கள் ஆடும் உரிமை, அதைத் தீர்த்துக்கொள்ள ஐந்து ஆண்டுகள். 2018இல், நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்று தளர்த்தினர். முதலாண்டு மாணவனுக்கு அது பெரும் விடுதலை. அதற்கு முன்பு, பருவத்தின் இறுதியில் சில நிமிடங்கள் களமிறக்கப்பட்டதற்காகவே ஓர் ஆண்டை முழுதாக இழக்க நேரிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளையை ஓர் ஆண்டு தாமதித்து மழலையர் பள்ளியில் சேர்ப்பதையும் அமெரிக்கப் பெற்றோர் இதே பெயரால்தான் அழைக்கின்றனர். காதைத் தொடாத நம் பிள்ளைகளுக்கும் உண்மையில் அணிவிக்கப்பட்டது சிவப்புச் சட்டைதான். ஒரே வேறுபாடு, அங்கே பெற்றோர் விரும்பி அணிவித்தனர்.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது கிரிக்கெட். வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தைக் குறித்து 2015 டிசம்பரில் தில்லியில் ராகுல் திராவிட் ஒரு நினைவுச் சொற்பொழிவில் கடுமையாகப் பேசினார். 2016இல் வாரியம் விதி வகுத்தது: வயது எதுவாயினும், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஒருவர் ஒரே ஒரு முறைதான் ஆடலாம். அதற்கு முன் ரவீந்திர ஜடேஜா 2006, 2008 ஆகிய இரு கோப்பைகளிலும் ஆடியிருந்தார். சென்னையின் வாஷிங்டன் சுந்தர் தம் பதினாறாவது வயதில் 2016 கோப்பையில் ஆடியவர். வயதுப்படி 2018இலும் ஆடியிருக்கலாம், விதிப்படி முடியாது. அவருக்கு இழப்பில்லை, 2017 டிசம்பரிலேயே இந்திய அணிக்குள் வந்துவிட்டார். எல்லாச் சிறுவர்களுக்கும் அந்த வாசல் திறப்பதில்லை. முந்திப் பழுத்தவன் தன் ஒரே வாய்ப்பை முந்தியே செலவழித்துவிடுகிறான்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் இருபத்தைந்து வயது என்ற வரம்பு நிற்கிறது. அமெரிக்கக் கடிகாரம் கல்லூரியில் சேர்ந்த நாளில் ஓடத் தொடங்குகிறது. நம்முடையதோ பிறந்த நாளிலிருந்து, அதாவது தலைமையாசிரியர் எழுதிய நாளிலிருந்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பத்துக்காகச் சில ஆண்டுகள் திராட்சைத் தோட்டத்திலோ ஏலக்காய் மலையிலோ உழைத்துவிட்டு உத்தமபாளையம் கல்லூரிக்கு வரும் ஒரு கபடி வீரனை எண்ணிப் பாருங்கள். காமராசர் பல்கலைக்கழக அணிக்குத் தேறும்போது அவனுக்கு எஞ்சியிருப்பது ஒரு பருவமாக இருக்கலாம். அந்தப் பருவத்தில் முழங்கால் பிசகினால் சிவப்புச் சட்டை தந்து காத்திருக்கச் சொல்வார் யாருமில்லை.

ஏட்டை நம்பாத கிரிக்கெட் வாரியம் எலும்பை நம்பத் தொடங்கியது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்களின் இடக்கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடுகின்றனர். காதை விட்டுவிட்டோம், கையை விடவில்லை! எலும்பும் ஊட்டத்துக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப முன்பின்னாகத்தான் முதிர்கிறது. இந்த முறையாலும் சரியான பிறந்தநாளைச் சொல்ல இயலாது.

1969ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பிறவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். அப்பிள்ளைகள் பன்னிரண்டு வயதாகிச் சிறுவர் அணிகளின் தேர்வுக்கு வந்து நிற்க 2035 ஆகிவிடும். அதுவரை மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.