காமிராவை விட்டு விலகிய விளக்கு

வீட்டில் வளரும் நாயையோ பூனையையோ இரவில் பிளாஷ் விளக்கின் துணையால் படம் எடுத்த அன்பர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். அருமையாக வளர்த்த பிராணியின் கண்கள் பச்சையாகவோ பொன்னிறமாகவோ தணல்போல் எரியும். முகமோ நிழலின்றித் தட்டையாய், சுவரில் ஒட்டிய காகிதம்போல் இருக்கும். குற்றம் பிராணியினுடையதன்று, விளக்கு நிற்கும் இடத்தினுடையது. நாய், பூனை முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருளில் பார்வை தெளிவதற்கு இயற்கை அளித்த வசதி அது. லென்ஸை ஒட்டி நிற்கும் விளக்கின் ஒளி கண்ணுட் புகுந்து, போன வழியே திரும்பி லென்ஸை அடைகிறது. விளக்கை இரண்டு முழம் பக்கவாட்டில் விலக்கினால், திரும்பும் ஒளி விளக்கை நோக்கியே போய்விடும், லென்ஸுக்கு எட்டாது.

இதைப் புதிய வித்தையென்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஆதியில் விளக்கும் காமிராவும் சேர்ந்திருந்ததே இல்லை. 1864இல் இங்கிலாந்தில் மக்னீசியக் கம்பி விற்பனைக்கு வந்தது. 1887இல் ஜெர்மனியில் அடால்ப் மீத்தே, யோஹான்னஸ் கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியத்துடன் பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும் கலந்து பிளாஷ் பொடியை உண்டாக்கினர். காமிரா முக்காலியில் நிற்கும். பொடியைத் தட்டில் பரப்பி, வேறொரு கை உயர்த்திப் பற்றவைக்கும். வெடியோசையும் வெண்புகையும் எழும். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், இக்கருவியால் இருமுறை வீட்டிற்கே தீ வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.

இவ்வெடிக்கு முன் எந்தப் பூனை அமர்ந்திருக்கும்? 1870களில் பிரைட்டன் நகரில் பூனைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஹாரி பாயின்டருக்குப் பகலொளியே துணை. அமெரிக்காவில் பூனைக்குட்டிகளுக்குச் சட்டை அணிவித்துப் படமெடுத்த ஹாரி ப்ரீஸ், வினாடியில் ஐந்திலொரு பங்கு நேரம் அவை அசையாதிருக்கத் தவங்கிடந்தார். சட்டை அணிவித்தது எனக்கு உவப்பில்லை. அவருடைய பொறுமையை மெச்சாமலும் இருக்க முடியவில்லை.

பொடியின் பயன் காட்டு விலங்குகளிடமே வெளிப்பட்டது. மிச்சிகன் ஏரிக்கரைகளில் இரவில் ஓடத்திற் சென்று மான்களைப் படமெடுத்தார் ஜார்ஜ் ஷைராஸ். இரண்டு காமிராக்களையும் இரண்டு பிளாஷ்களையும் அமைத்து, முதல் வெடியில் அமைதியாய் நின்ற மானையும், அதற்கு அஞ்சித் துள்ளிய மானை இரண்டாம் வெடியிலும் பதிவு செய்தார். 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்டது. நம் நாட்டில், அந்நாளைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன், புலி நடமாடும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டிவைத்தார். புலியின் கால் பட்டதும் பிளாஷ் எரியும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்படங்கள் 1927இல் நூலாயின. வரிகளைக் கொண்டு ஒரு புலியை மற்றொன்றிலிருந்து அவரால் பிரித்தறிய முடிந்தது. துப்பாக்கியே பெருமையாயிருந்த காலத்தில் இது சாதாரணமன்று.

1929இல் ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு வந்தது. சத்தமும் புகையும் ஒழிந்தன. ஆனால் அப்போதுதான் விளக்கு காமிராவின் மேல் ஏறி அமர்ந்தது! பத்திரிகைக்காரரின் அவசரத்திற்கு அது ஏற்றதே. கண்ணில் எரியும் தணலும் தட்டையான முகமும் அந்த வசதிக்கு நாம் கொடுத்த விலை. 1931 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் வளர்த்த மின் பிளாஷ், ஆயிரத்திலொரு பங்கு வினாடிக்கும் குறைவாக ஒளிரக் கூடியது. ரீங்காரச் சிட்டின் சிறகையும் அது நிறுத்திக் காட்டியது. தலையைச் சிலிர்க்கும் நாய்க்கு வேறென்ன வேண்டும்? பின்னர் விளக்கைக் காமிராவோடு இணைத்த கம்பியும் தேவையற்றுப் போயிற்று. இன்று அவ்வேலையை வானொலி அலைகள் செய்கின்றன என்பதை வானொலி நேயர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கற்க விரும்புவோர் விளக்கைப் பிராணியின் ஒரு பக்கத்தில், அதன் தலைக்குச் சற்று மேலே வைத்துத் தொடங்கலாம். வெண்குடையோ வெள்ளைச் சுவரோ ஒளியை மென்மையாக்கும். மும்பை அடுக்குமாடி வீட்டின் சிறிய அறை இதற்கு இடையூறன்று, உதவியே. தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும் என்பதை மறக்கலாகாது. கரிய நாய்க்கு விளக்கைச் சிறிது பின்னே தள்ளுங்கள். ரோமத்தின் விளிம்பு ஒளி பெற்று, உருவம் இருளிலிருந்து பிரியும். வெள்ளைப் பூனைக்கு ஒளியைக் குறையுங்கள்.

இவற்றையெல்லாம் விட முந்தியது ஒன்று. ஷைராஸின் மான் துள்ளிக் காட்டுக்குள் மறைந்தது. நம் நாய் நம் கட்டிலின் கீழ்தான் ஒளியும், மறுநாள் காமிராவைக் கண்டாலே விலகும். ஆகவே முதல் நாள் விளக்கை எரியவிடாமல் தரையில் வைத்து, அது முகர்ந்து பார்க்க விடுங்கள். மறுநாள் அறையின் கோடியில் குறைந்த ஒளியில் ஒருமுறை எரியச் செய்து, உடனே ஒரு பிஸ்கோத்துக் கொடுங்கள். காதுகள் பின்னே மடிந்தால் அன்றைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.